ஜோடிப் பள்ளம்

அத்தியாயம் எட்டு

“மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்த மேஜைக்கு அடியில படுங்க.”

மாமியாரிடம் வேலைக்குச் சேர்ந்த மாப்பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கம் இருந்தால், அதன் தலைவர், செயலாளர், ஒரே உறுப்பினர் எல்லாமே அவன்தான். அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியபோது, வேறு வேலை கிடைக்கிறவரை தன்னோடு வரும்படி அத்தை அழைத்தாள். அது மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. அத்தை வாகன இன்ஷூரன்ஸில் முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவள். இடிந்த கார்களையும், இடிக்காமலே இடித்ததாகச் சொன்ன கார்களையும் பார்த்துப் பார்த்துக் கண் பழுத்தவள். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டாள். வேலை வாங்குவதில் புலி. ஆனால் மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் ஒரு குறை வைக்க மாட்டாள். சாக்கடையில் இறங்கச் சொன்னாலும் ‘இறங்குங்க’ என்றுதான் சொல்வாள்.

மாப்பிள்ளை படுத்தான். டிங்கரின் பட்டறைத் தரை ஜில்லென்றிருந்தது.

“என்ன இருக்கு மாப்பிள்ளை?”

“ஒரு சுத்தியல், மூணு கரப்பான்பூச்சி, அப்புறம் என் மானம்.”

“அதையெல்லாம் அங்கேயே விட்டுடுங்க. வேற?”

அந்தப் பட்டறையின் டிங்கரை ஊரில் பழைய கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். துரு தின்ற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, அதே வளைவில் புதுத் தகட்டை அடித்துச் சேர்த்து, சேர்த்த இடம் தெரியாமல் ராவிக் கொடுப்பதில் ஆள் கெட்டி. அறுபது வருஷக் கார்களுக்கு எந்தக் கடையில் போய் உதிரித் தகடு வாங்குவது? கையாலேதான் செய்ய வேண்டும். ஒரு பக்கம் துருப்பிடித்துப் போயிருந்தால், நன்றாக இருக்கும் எதிர்ப்பக்கத்தின் வளைவை ஒரு கெட்டி அட்டையின் ஓரத்தில் வெட்டி எடுத்துக்கொள்வார். அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போன பக்கத்துக்கு அளவு தயார். தகட்டை மணல் பையின் மேல் போட்டு மரச்சுத்தியால் அடிப்பார், அட்டையின் ஓரத்தை அதன்மேல் நிறுத்தி வைத்துப் பார்ப்பார், நடுவே வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அடிப்பார். வெளிச்சம் மறைகிறவரை மனுஷன் டீ குடிக்கவும் எழுந்திருக்க மாட்டார்.

அப்படி அவர் செய்து கொடுத்த வண்டிகளின் அட்டைகள் சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கின. ஒவ்வொன்றிலும் வண்டியின் பெயர், தேதி, எந்தப் பக்கம் என்ற விவரம். கச்சேரிக்காரர் சுவரில் பதக்கங்கள் தொங்குவதுபோல இருந்தது. ஒரே ஒரு ஆணி மட்டும் சும்மா இருந்தது. அதற்குக் கீழே ஒரு அட்டையின் உருவத்தில் சுவர் அழுக்கில்லாமல் வெளுத்துக் கிடந்தது. அத்தை அதைப் பார்த்தாள். உடனே டிங்கரிடம் தொண்டை வறளுகிறது என்றாள். அவர் டீ வாங்கப் போனதும் மாப்பிள்ளையைப் படுக்கச் சொல்லிவிட்டாள்.

“கிடைச்சாச்சு,” என்று அவன் கையை நீட்டினான். மேஜைக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அட்டை சாக்குத் துணியில் சுற்றிச் செருகியிருந்தது. ஒரு ஓரம் வில்லாக வளைந்திருந்தது. ‘முன் மட்கார்டு, வலது’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. அது ஊர்ப் பல் டாக்டரின் பழைய காருக்கு வெட்டிய அட்டை.

காணாமல் போனதும் அந்த வண்டிதான். மூன்று வாரத்துக்கு முன்னால், கதவு ரப்பர் மாற்றுவதற்காக இதே பட்டறையில் நின்றிருந்தபோது காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. பின்பக்கத் தகரச் சுவரில் நாலு தகடுகளைக் கழற்றி, வண்டியை வெளியே எடுத்து, அழகாகத் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புதுத் திருகாணிகள் மட்டும் பல் இளித்தன. தகரத்தைக் கழற்றி மாட்ட யாருக்கு இத்தனை நன்றாக வரும் என்று எல்லோரும் டிங்கரைத்தான் பார்த்தார்கள். வண்டியைத் தேடித் தரச் சொல்லி அத்தையிடம் வந்த பல் டாக்டரும் பார்த்தாள். மாலை நாலு மணிக்குள் வேறு ஆள் யாரென்று தெரியாவிட்டால், டிங்கர் பேரைப் போட்டே போலீஸில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று காலையில் சொல்லிவிட்டாள். எழுதிக் கொடுத்தால் அவர் உள்ளே போவார். வெளியே வந்தாலும் அதற்கப்புறம் ஒருவரும் அவரை நம்பி ஒரு மூடியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

சந்தேகத்துக்கு இன்னொரு ஆளும் இருந்தார், ஆனால் வழுக்கிக்கொண்டே போனார். பழைய கார் வியாபாரி ஒருவரின் கண்ணாடிக் கடையில் அதே ரக வண்டி நின்றது. பல் டாக்டரின் வண்டி கறுப்பு, இது பச்சை. எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் அவருடைய காகிதங்களோடு சுத்தமாகப் பொருந்தின. பல் டாக்டர் சொன்ன ஒரே அடையாளம் இடது முன் மட்கார்டில் இருந்த ஒரு பழைய பள்ளம். பேப்பர் விளம்பரத்திலும் அதைப் போட்டிருந்தாள். பச்சை வண்டியின் இடது மட்கார்டோ முட்டை ஓடுபோல வழவழவென்றிருந்தது. இன்ஸ்பெக்டர் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த வண்டியும் இன்று நாலு மணிக்கு லாரியில் ஏறி வெளியூர் போகிறது.

டிங்கர் மூன்று டீயோடு உள்ளே வந்தார். அத்தையின் கையில் அட்டையைப் பார்த்ததும் மூன்று கிளாஸும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

“அது... கழிச்சுப் போட்ட அட்டைங்க. வேஸ்ட்டு.”

“வேஸ்ட்டை யாராவது துணியில சுத்தி வெப்பாங்களா?” என்றாள் அத்தை, கோபமில்லாமல்.

மற்ற அட்டைகளைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுகிறவர், இந்த அட்டையைப் பற்றிக் கேட்டதும் மணல் பையைத் தட்டிச் சரிசெய்ய ஆரம்பித்தார். அத்தை டீயைக் குடித்தாள், அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“அத்தை, எனக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றான் மாப்பிள்ளை ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. “குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இவர்தான் ஆள். கையைப் பாருங்க, எப்படி நடுங்குது.”

“நடுங்குதுதான். ஆனா திருடினவன் கை ஏன் அட்டையைப் பார்த்து நடுங்கணும்? இன்ஸ்பெக்டரைப் பார்த்துல்ல நடுங்கணும்?”

அவன் பதிலுக்கு ஹாரன் அடித்தான்.

பல் டாக்டரின் கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்தபடி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்த்து ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவன் தனக்குப் பல்லில் ஒன்றுமில்லை, மாமியார்தான் என்று விளக்கினான். அவர் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

பல் டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். கோபத்தில் இருந்தாள், ஆனால் அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. அவள் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டாராம். அவள் அழுததைப் பார்த்து அவரும் அழுதுகொண்டே பின்னால் எடுத்து, திருப்பி, பள்ளிக்கூடத்து வாசல் தூணில் மெதுவாக ஒரு இடி. கீறல்கூட இல்லை. வளைவில் நாலு விரல் அகலத்துக்குத் தட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். அப்பா அதைக் கடைசிவரை சரிசெய்யவில்லை. அப்பா போனபிறகு அவளும் சரிசெய்யவில்லை. போன வருஷம் டிங்கர் வலது மட்கார்டைப் புதிதாக அடித்துக் கொடுத்தபோதும், வண்டியை எடுக்க வந்த அன்று இடது பக்கத்தைத் தடவிக் காட்டி இந்தக் கதையை அவரிடம் சொன்னாளாம்.

“சொன்னப்போ அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டாள் அத்தை.

பல் டாக்டர் யோசித்தாள். “ஒண்ணும் சொல்லல. தலைவலிக்குதுன்னு உள்ளே போயிட்டார்.”

அத்தை வண்டியின் போட்டோக்களைக் கேட்டாள். போன வருஷம் வேலை முடிந்ததும் எடுத்தவை, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று. இரண்டையும் மேஜையில் வைத்தாள். பிறகு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை டாக்டரிடம் கேட்டு வாங்கி, இடது பக்கப் போட்டோவின் அருகில் பிடித்தாள். கண்ணாடிக்குள் பார்த்தாள், வலது பக்கப் போட்டோவைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவனைப் பார்த்து அப்படித்தான் சிரித்தாள்.

“போட்டோவுக்குச் சொத்தையா அத்தை?”

“வேர் வரைக்கும் மாப்பிள்ளை.” அவள் டாக்டரிடம் திரும்பினாள். நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு கார் வியாபாரியின் கடைக்கு வந்துவிடுங்கள், எழுத வேண்டியதை அங்கே எழுதலாம் என்றாள். மாப்பிள்ளையை டிங்கரை அழைத்துவர அனுப்பினாள்.

அவன் டிங்கரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டியபோது, கைதியைக் கொண்டுபோவதாகவே நினைத்துக்கொண்டான். பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“தம்பி, உங்க மாமியாருக்கு அந்த அட்டையைப் பார்த்தா என்ன தெரியும்?”

“எங்க அத்தைக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதாங்க. என்னை எப்போ வீட்டுக்கு அனுப்பணும்னு தெரியாது.”

டிங்கர் பெருமூச்சு விட்டார். அது அவன் காதில் சூடாகப் பட்டது.

கடைக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். வாசலில் லாரி பின்பக்கத்தைத் திறந்துகொண்டு காத்திருந்தது. டிரைவர் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பச்சை வண்டி பளபளவென்று நின்றது. வியாபாரி வெள்ளைச் சட்டையில் அதைவிடப் பளபளவென்று நின்றார். இன்ஸ்பெக்டரும் பல் டாக்டரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். டிங்கரைப் பார்த்ததும் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து வாயாரப் புகழ்ந்தாள். வியாபாரி குளிர்ந்துபோனார். பிறகு அத்தை கைப்பையிலிருந்து ஒரு வாத்தை எடுத்தாள். அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்த வாத்து. அதை இடது மட்கார்டின் மேல் நடக்கவிட்டாள். ஒட்டிக்கொண்டே வந்த வாத்து ஒரு இடத்தில் பிடியை விட்டு அவள் கையில் விழுந்தது.

“பெயின்ட்டுக்கு அடியில பட்டி பூசி அடைச்சிருக்கீங்க போலிருக்கே? மாவுல காந்தம் நிக்காது.”

“பழைய வண்டிம்மா,” என்றார் வியாபாரி அலட்டிக்கொள்ளாமல். கல் பட்டிருக்கும், மாடு முட்டியிருக்கும், பழைய வண்டியில் பட்டி இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டரும் அது சரிதான் என்பதுபோல மீசையைத் தடவினார்.

“வலது பக்கம்?”

“அங்கே வேணும்னா உங்க வாத்தை விட்டுப் பாருங்க.”

வாத்து வலது மட்கார்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒட்டிக்கொண்டே போனது. சுத்தத் தகடு.

“அது தொழிற்சாலையில இருந்து வந்தபடியே இருக்கு. அறுபது வருஷமா ஒருத்தர் கை படல. வாங்கறவருக்கு எழுதியே குடுத்திருக்கேன்,” என்றார் வியாபாரி.

“எழுதியேவா? அதை இன்ஸ்பெக்டர்கிட்டயும் காட்டிடுங்க.”

அவர் பெருமையாகக் காட்டினார். அத்தை அதுவரை காத்திருந்தவள்போல அட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். மாப்பிள்ளை கொடுத்தான். வளைந்த ஓரத்தை வலது மட்கார்டின் மேல் நிறுத்தி வைத்தாள். அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு இழை வெளிச்சம் இல்லை. அவ்வளவு கச்சிதம். அட்டையின் ஓரம் முழுக்க வில்போல வளைந்திருக்க, ஒரு இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் தட்டையாக இருந்தது. தகடும் அதே இடத்தில் அப்படியே தட்டையாக இருந்தது.

“டாக்டர், அப்பா இடிச்சது எந்தப் பக்கம்?”

“இடது.”

“அப்ப வலது பக்கம் எப்படி வந்துச்சு? ஜோடியா வர்றதுக்குப் பள்ளம் என்ன கம்மலா?”

அத்தை டிங்கரைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஊரே மெச்சும் அந்த மனுஷர், கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான்தான் கொண்டாந்தேன்,” என்றார் மெதுவாக. “வலது பக்கம் துரு தின்னு ஒண்ணுமே மிஞ்சல. இடது பக்கத்துல அட்டை வெட்டித் திருப்பிப் போட்டேன். அந்தத் தட்டை கம்பெனிக்காரன் வெச்ச வளைவுன்னு நினைச்சேன். அதை அப்படியே கொண்டு வர பதினோரு நாள் அடிச்சேன். வண்டியை எடுக்க வந்தப்பதான் டாக்டரம்மா சொன்னாங்க, அது அவங்க அப்பா தூண்ல இடிச்சதுன்னு.”

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனை ஒரு வருஷமாக அதை மற்ற அட்டைகளோடு சுவரில் தொங்கவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. பட்டறையைச் சோதனை போட வருகிறார்கள் என்றதும் சாக்குத் துணியில் சுற்றி மேஜைக்கு அடியில் செருகியது. ஒரு பள்ளத்தைப் பார்த்து, அதே அளவில், அதே ஆழத்தில், கொஞ்சமும் பிசகாமல் இன்னொரு பள்ளம் செய்ய அந்த ஊரில் அவர் ஒருவரால்தான் முடியும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது, காலையிலிருந்து அவரைத் திருடன் என்று நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

“இந்த வண்டியை நீங்க முன்னாடியே பார்த்தீங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“போன வாரம் கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்தேங்க. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா வாயைத் திறக்கல? உங்களைத்தானேய்யா உள்ளே தள்ளப் பார்த்தாங்க?”

டிங்கர் தலை நிமிர்ந்தார். “திருடன்னு சொன்னா தாங்கிக்குவேங்க. வேலை தெரியாதவன்னு சொன்னா தாங்க மாட்டேன்.”

வியாபாரி சிரித்துப் பார்த்தார். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அட்டை இன்றைக்கு வெட்டியதாகக்கூட இருக்கலாம், தன் வண்டித் தகடு தொழிற்சாலைத் தகடுதான் என்றார். அத்தை மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

“மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவள் படுக்கச் சொல்வதற்குள் அவன் படுத்துவிட்டான். சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உட்புறம் தார் பூசியிருந்தது. டிங்கர் சொன்ன இடத்தில் சாவியால் சுரண்டினான். தாருக்கு அடியில், புதிதாகச் சேர்த்த தகட்டைச் சுற்றி நூல் பிடித்தாற்போல ஒரு வெல்டிங் கோடு ஓடியது.

“இருக்கு,” என்று கீழேயிருந்து கத்தினான். “ஒட்டுப் போட்டிருக்கு. அறுபது வருஷமா ஒருத்தர் கையும் படலையாம், ஆனா ஆபரேஷன் மட்டும் நடந்திருக்கு.”

வியாபாரியின் வெள்ளைச் சட்டை சட்டென்று பழசாகிவிட்டதுபோல இருந்தது. நிறத்தையும் எண்களையும் மாற்றி, விளம்பரத்தில் போட்டிருந்த இடது பள்ளத்தையும் அவர் அக்கறையாகப் பட்டி போட்டு மறைத்திருந்தார். விளம்பரத்தில் இல்லாத வலது பள்ளத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரிடமோ வாங்கினேன், ஆள் நினைவில்லை என்று ஆரம்பித்தார். அதற்குள் வாசலில் கயிற்றோடு நின்றிருந்த லாரி டிரைவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“சார், போன மாசம் பின்பக்கத் தகரத்தைக் கழட்டி ஒரு கறுப்பு வண்டியை ஏத்தினோமே. சாவி தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க. அப்போ அந்த ஷெட்டு உங்களது இல்லையா?”

இன்ஸ்பெக்டர் மீசையிலிருந்து கையை எடுத்தார். அதற்கப்புறம் அவர் பேச்சு முழுக்க வியாபாரியோடுதான் இருந்தது. இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். டிரைவருக்கு அங்கேயே ஒரு நாற்காலி போட்டார்கள்.

பல் டாக்டர் வண்டியின் இடது பக்கம் போய் நின்றாள். வழவழவென்றிருந்த மட்கார்டைத் தடவினாள். வண்டி கிடைத்துவிட்டது, அப்பாவின் பள்ளம் போய்விட்டது. அவள் அழுதாள். மூன்று வாரமாகக் கோபத்தில் அடக்கி வைத்திருந்த அழுகை. டிங்கர் அந்தப் பக்கம் போவதா வேண்டாமா என்று தெரியாமல் மட்கார்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. வலது பக்கத்தை நானே வெட்டி எடுத்துட்டு, கம்பெனி வளைவுல சுத்தமா அடிச்சுக் குடுத்துடறேன்.”

“அதுல கை வெச்சீங்கன்னா தெரியும்,” என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. சுற்றி வந்து வலது மட்கார்டில் உள்ளங்கையை வைத்தாள். நாலு விரல்களும் அந்தத் தட்டையில் பொருந்தி உட்கார்ந்தன. சின்ன வயதிலிருந்து இன்னொரு பக்கத்தில் வைத்துப் பழகிய விரல்கள். பிறகு அத்தையின் கையிலிருந்த அட்டையைக் காட்டினாள்.

“இடது பக்கத்துல வெட்டி, திருப்பிப் போட்டு, வலது பக்கம் அடிச்சீங்க. இப்போ அதையே மறுபடி திருப்பிப் போட்டா?”

டிங்கருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அட்டையை வாங்கினார். வலது பக்கத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, திருப்பிக்கொண்டு இடது பக்கம் போனார். பட்டி போட்ட இடத்தின் மேல் பிடித்தார். அட்டைக்குக் கீழே முட்டுக்கொடுத்து நின்ற அந்த வழவழப்பை விரலால் தட்டிப் பார்த்தார்.

“பட்டியைச் சுரண்டிட்டா உங்க அப்பா இடிச்சது பாதி அங்கேயே இருக்கும்மா. மீதியை நான் கொண்டாந்துடுவேன். பதினோரு நாள் குடுங்க.”

“எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கங்க. ஆனா ஜோடியா இருக்கணும்.”

டிங்கர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ‘வலது’ என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் ‘இடது’ என்று எழுதினார். யோசித்துவிட்டு, அதற்குக் கீழே மற்ற அட்டைகளில் எழுதுவதுபோலவே அன்றைய தேதியையும் போட்டார்.

“மாப்பிள்ளை,” என்றாள் அத்தை. “பட்டறைச் சுவர்ல ஒரு ஆணி சும்மா இருக்கே, அதுல இதை மாட்டணும். இவரைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க.”

“மாட்டறேன் அத்தை,” என்றான் அவன் வண்டிக்கு அடியிலிருந்து. “முதல்ல யாராவது என் சட்டையை இந்தத் தார்ல இருந்து கழட்டுங்க.”